சூடுபட்டால் முதலில் எது, பிறகு எது: தீக்காய வீட்டு வைத்தியத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் யாருக்காவது சூடுபட்டுவிட்டால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சம் இருக்காது. ஒருவர் பற்பசையை எடுத்துக்கொண்டு வருவார். ஒருவர் வெண்ணெய் தடவச் சொல்வார். இன்னொருவர் மஞ்சள்தூள், முட்டையின் வெள்ளைக்கரு, பேனா மை என்று அடுக்குவார். சுட்டுக்கொண்டவர் நடுவில் கையை உதறிக்கொண்டு நிற்பார். எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள், நீட்டப்படும் எதையும் வாங்காமல் நேராகத் தண்ணீர்க் குழாய்க்குத்தான் போவார்கள்.

பழைய வைத்தியம் எல்லாம் பொய் என்று நிறுவுவது இங்கே நோக்கமல்ல. தேனுக்கும் சோற்றுக்கற்றாழைக்கும் வாழை இலைக்கும் மருத்துவ ஆய்வுகளில் நல்ல பெயர் உண்டு. பெரும்பாலும் தவறு நேர்வது அவற்றைப் பயன்படுத்தும் வேளையில். சூடு இறங்குவதற்கு முன்பே பூசிவிடுகிறோம், அல்லது தோல் உரிந்த இடத்தில் பூசிவிடுகிறோம். அதனால் இதை வரிசையாகப் படியுங்கள். நடுவில் இருக்கும் கற்றாழைக்கு நேராகத் தாவிவிட வேண்டாம்.

படி 1: சூட்டை உடம்பிலிருந்து பிரியுங்கள்

உடையில் தீப்பிடித்தவர் ஓடினால் தீ வளரும். அவரைத் தரையில் படுக்கவைத்து உருட்டுங்கள், அல்லது கனமான பருத்தி அல்லது கம்பளிப் போர்வையால் மூடி அணையுங்கள். நைலான், பாலியஸ்டர் துணிகள் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் அவை இதற்கு உதவாது.

வெந்நீரோ எண்ணெயோ கொட்டியிருந்தால், நனைந்த உடை சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும், உடனே கழற்றுங்கள். குழந்தையாக இருந்தால் டயப்பரையும் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் இழுக்கக் கூடாது. சுற்றிலும் கத்தரித்துவிட்டு, ஒட்டிய துண்டை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றையும் இப்போதே கழற்றுங்கள். சிறிது நேரத்தில் வீக்கம் வந்துவிடும்; பிறகு மோதிரத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மின்சாரம் தாக்கியிருந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அதற்கு முன் அவரைத் தொட்டால் நீங்களும் விழுவீர்கள்.

படி 2: இருபது நிமிடம் ஓடும் தண்ணீர்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். குழாயைத் திறந்து, குளிர்ந்த தண்ணீர் காயத்தின்மேல் மெதுவாக ஓடும்படி 20 நிமிடம் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். எரிச்சல் தணிந்ததுபோல் இருந்தாலும் இடையில் நிறுத்தாதீர்கள்.

ஏன் இவ்வளவு நேரம்? தோலின் வெப்பம் ஏறத்தாழ 44 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் செல்கள் சேதமடையத் தொடங்கும். வெப்பம் கூடக்கூட அதற்கு ஆகும் நேரம் வேகமாகக் குறையும். 60 டிகிரியில் இருக்கும் தண்ணீர் வளர்ந்தவர் தோலை ஏறக்குறைய 5 நொடிகளில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். குழந்தையின் தோல் மெல்லியது. அதற்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம். அடுப்பிலிருந்து கையை எடுத்த பிறகும் உள்ளே புகுந்த வெப்பம் கீழ் அடுக்குகளைச் சுட்டுக்கொண்டிருக்கும். ஓடும் தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகிறது. அதோடு வீக்கத்தையும் வலியையும் குறைக்கிறது. காயம் ஆழமாகாமல் தடுக்கிறது. அதனால்தான் சூடுபட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தொடங்கினாலும் பலன் உண்டு. மூன்று மணி நேரம் வரை தண்ணீர் காட்டலாம் என்பது தீக்காய மருத்துவத்தில் நிலைபெற்ற பரிந்துரை. "நேரம் போய்விட்டதே, இனி எதற்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

குழாய் இல்லாத இடத்தில் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றலாம். அதுவும் முடியாவிட்டால் சுத்தமான ஈரத்துணியைப் போட்டு, அது சூடேறும் முன் மாற்றிக்கொண்டே இருக்கலாம். முகத்தில் பட்டிருந்தால் இந்த ஈரத்துணி முறைதான் வசதி.

பனிக்கட்டி வேண்டாம். அது ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே திணறும் தோலுக்கு ரத்தம் வருவதைத் தடுத்துவிடும். சுட்ட தோலில் உறைபனிக் காயமும் சேர்ந்துகொள்ளும். குளிர்பதனப் பெட்டியில் வைத்த ஜெல் பையும் ஏறத்தாழ இதே கதைதான்.

உடம்பின் பெரிய பரப்பில் பட்டிருந்தால், குறிப்பாகக் குழந்தைக்கு, ஓர் எச்சரிக்கை: தண்ணீர் காயத்தில் மட்டும் விழட்டும், மற்ற உடம்பைப் போர்வையால் மூடிக் கதகதப்பாக வைத்திருங்கள். முழு உடம்பையும் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தினால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நடுக்கம் தொடங்கினால் தண்ணீரை நிறுத்திவிடுங்கள்.

அமிலம், காரம் போன்ற ரசாயனம் பட்டிருந்தாலும் மருந்து தண்ணீர்தான், ஆனால் 20 நிமிடத்துக்கும் மேலாக, தாராளமாக. சுண்ணாம்புத் தூள் போன்ற காய்ந்த பொடியாக இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகு கழுவ வேண்டும். அமிலத்தின்மேல் காரத்தையும் காரத்தின்மேல் எலுமிச்சைச் சாற்றையும் ஊற்றி "சமன்" செய்யும் வித்தை வேண்டாம். அந்த வேதிவினையே சூட்டைக் கிளப்பும். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

படி 3: காயத்தைப் பாருங்கள்

தண்ணீர் ஓடும் அந்த 20 நிமிடம் காயத்தை நிதானமாகக் கவனிக்க வசதியான நேரம்.

தோல் சிவந்து, காய்ந்து, தொட்டால் எரிகிறது, கொப்புளம் இல்லை என்றால் மேல்தோல் மட்டுமே பாதிக்கப்பட்டிருக்கிறது. வெயிலில் கருகிய தோலும் பெரும்பாலும் இந்த வகைதான். ஒரு வாரத்துக்குள் தழும்பில்லாமல் ஆறிவிடும். வீட்டு வைத்தியம் துணிந்து உள்ளே வரக்கூடிய களம் இது.

கொப்புளம் எழும்பி, அதன் அடித்தளம் இளஞ்சிவப்பாக ஈரத்துடன் இருந்து, வலி பலமாக இருந்தால் உள்தோலின் மேற்பகுதி வரை சூடு போயிருக்கிறது. சிறியதாக இருந்தால் இரண்டு வாரம் முதல் மூன்று வாரத்துக்குள் ஆறும். இங்கே வீட்டில் செய்யக்கூடியது சுத்தமும் மூடலும் மட்டும்தான்.

தோல் வெளுத்தோ, திட்டுத்திட்டாகவோ, மெழுகுபோலவோ, பதனிட்ட தோல்போல் விறைத்தோ, கருகியோ இருந்தால் காயம் ஆழமானது. இப்படிப்பட்ட இடத்தில் வலியே இருக்காமல் போகலாம். வலி நரம்புகளும் வெந்துவிட்டதால் வரும் அமைதி அது. "வலிக்கவில்லை, லேசான காயம்தான்" என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் நான் கேள்விப்படும் தவறுகளில் மிக மோசமானது.

பரப்பை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. விரல்களைச் சேர்த்துவைத்த உள்ளங்கை, அந்த நபரின் உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம். குழந்தையின் காயத்தைக் குழந்தையின் உள்ளங்கையால்தான் அளக்க வேண்டும், உங்கள் கையால் அல்ல.

படி 4: வீடா, மருத்துவமனையா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும், குளிர்வித்த பிறகு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்:

- கொப்புளமுள்ள காயம் அந்த நபரின் உள்ளங்கையைவிடப் பெரியது
- முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டுகள் ஆகியவற்றில் கொப்புளம். அல்லது கையையோ காலையோ விரலையோ சுற்றி வளைத்த காயம்
- வெளுத்த, கருகிய, உணர்ச்சியற்ற தோல், எவ்வளவு சிறியதாக இருந்தாலும்
- மின்சாரத்தாலோ ரசாயனத்தாலோ வந்த காயம்
- மூடிய அறையில் புகையைச் சுவாசித்தவர். குரல் கரகரப்பு, மூக்கில் கரி, கருகிய மூக்கு முடி, மூச்சுத் திணறல்
- ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை, முதியவர், கர்ப்பிணி, நீரிழிவு உள்ளவர்

மின்சாரக் காயத்தைப் பற்றிக் கூடுதலாக ஒரு வார்த்தை. வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே தசை வெந்திருக்கலாம், இதயத் துடிப்பின் சீர் குலைந்திருக்கலாம். எவ்வளவு நன்றாக எழுந்து நடந்தாலும் பரிசோதனை தேவை. நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தில் உணர்ச்சி குறைந்து, வெந்நீர் ஒத்தடத்திலேயே சுட்டுக்கொள்வதுண்டு. அந்தப் புண்ணை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

டெட்டனஸ் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆனது என்று நினைவில்லாதவர்கள் மருத்துவரிடம் அதையும் கேட்டுவிடுங்கள்.

படி 5: மூடுங்கள்

காற்றுப்பட்டால் எரிச்சல் கூடும், கிருமியும் சேரும். உணவைச் சுற்றி வைக்கப் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மருத்துவமனைக்குப் போகும் வழிக்கு அருமையான மூடல். முதல் சுற்றைக் கிழித்தெறிந்துவிட்டு, உள்ளே இருக்கும் சுத்தமான தாளைக் காயத்தின்மேல் நீளவாக்கில் பரப்புங்கள். இறுகச் சுற்றினால் வீங்கும்போது ரத்த ஓட்டம் தடைபடும். அது ஒட்டாது, உள்ளே இருப்பது வெளியே தெரியும், எடுக்கும்போது வலிக்காது. இது இல்லையென்றால் துவைத்துச் சுத்தமாக இருக்கும் பருத்தித் துணி போதும். பஞ்சு வேண்டாம், இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் சிறிய காயத்துக்கு, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லியதாகப் பூசி, ஒட்டாத காஸ் துணியால் மூடி, தினம் ஒருமுறை மாற்றலாம். வலிக்குப் பாராசிட்டமாலை வயதுக்கும் எடைக்கும் உரிய அளவில் கொடுக்கலாம். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

கொப்புளத்தை ஊசியால் குத்த எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். குத்தாதீர்கள். அந்தத் தோல் இயற்கையே போட்டுவைத்த கட்டு. தானே உடைந்துவிட்டால் சோப்பும் தண்ணீரும் விட்டு மெதுவாகக் கழுவி மூடிவிடுங்கள். பெரிய கொப்புளத்தை என்ன செய்வது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

படி 6: இப்போது வீட்டு வைத்தியம்

சூடு இறங்கிவிட்டது, காயம் சிறியது, மருத்துவமனை தேவையில்லை என்று உறுதியான பிறகுதான் இந்தப் பகுதி.

*சோற்றுக்கற்றாழை.* தோல் உடையாத, வெறும் சிவப்பு மட்டும் உள்ள காயத்துக்கு வீட்டில் கிடைப்பதில் இதுவே என் முதல் தேர்வு. குளிர்ச்சி தரும், ஈரத்தைத் தக்கவைக்கும், அழற்சியைத் தணிக்கும். சிறிய அளவிலான ஆய்வுகளில் மேலோட்டமான தீக்காயங்கள் சற்று விரைவாக ஆறியதும் பதிவாகியிருக்கிறது. செய்யும் முறையில்தான் பலரும் தவறுகிறார்கள். முதிர்ந்த மடலை அடியோடு வெட்டிக் கழுவி, வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி 10, 15 நிமிடம் சாய்த்து நிறுத்துங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும். அது தோலை அரிக்கும். பூச வேண்டியது அது அல்ல. வடிந்த பிறகு முள்ளோரத்தைச் சீவி, தோலை உரித்து, கண்ணாடிபோல் இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து மீண்டும் ஒருமுறை கழுவுங்கள். முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவிப் பார்த்து, அரிப்பு வரவில்லை என்றால் காயத்தில் மெல்லியதாகப் பூசலாம். நாளுக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதிதாக வெட்டிய சோறு. கொப்புளம் உடைந்த இடத்தில் செடியிலிருந்து எடுத்ததைப் பூச வேண்டாம். அது கிருமி நீக்கப்பட்டதல்ல.

*தேன்.* பண்டைய எகிப்தியர் காலத்திலிருந்தே புண்ணுக்குத் தேன் போட்டிருக்கிறார்கள், காரணமில்லாமல் அல்ல. அதன் அடர்த்தியான சர்க்கரை கிருமியிடமிருந்து நீரை உறிஞ்சிவிடும். அமிலத்தன்மையும் அதில் உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியை வளரவிடாது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு, உள்தோல்வரை போன தீக்காயங்கள் வழக்கமான சில கட்டுகளைவிடத் தேன் கட்டில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறின என்று சொல்கிறது. ஆனால் மருத்துவப் பயன்பாட்டுக்கான தேன் கதிரியக்கத்தால் கிருமி நீக்கப்பட்டது. சமையலறைப் புட்டியில் இருப்பதில் தசைகளை முடக்கும் பாட்டுலிசம் நோயைத் தரும் நுண்வித்துகள் இருக்கலாம். எனவே உடைந்த தோலில் புட்டித் தேன் வேண்டாம்; மருந்துக் கடையில் கிடைக்கும் தேன் கட்டைக் கேளுங்கள். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பக்கத்திலேயே தேனைக் கொண்டுபோக வேண்டாம். நாக்கைச் சுட்டுக்கொண்ட பெரியவர்கள் மட்டும் குளிர்ந்த தண்ணீரால் கொப்பளித்துவிட்டு ஒரு சொட்டுத் தேனைச் சப்பிக்கொள்ளலாம்.

*வாழை இலை.* சூடுபட்டவரை வாழை இலையில் படுக்கவைப்பது பழைய வழக்கம். அதில் இருந்த அறிவை மருத்துவர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இலையின் மெழுகுப் பரப்பு புண்ணில் ஒட்டாது, கட்டு மாற்றும்போது தோலைப் பிய்க்காது. மும்பை மருத்துவர்களின் 2003-ம் ஆண்டு ஆய்வில் வாழை இலைக் கட்டு நோயாளிகளுக்கு வலி குறைந்ததாக இருந்தது. செலவும் மிகக் குறைவு. ஆனால் அவர்கள் பயன்படுத்தியது நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கிய இலை. தோட்டத்தில் பறித்ததைக் கழுவிப் போடுவது அதற்கு ஈடாகாது. ஒட்டாத காஸ் துணி அதே வேலையைச் செய்துவிடும்.

*மஞ்சள்தூள்.* மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளின் அழற்சி தணிக்கும் குணத்தை மறுப்பதற்கில்லை. ஆனால் டப்பாவில் இருக்கும் தூள் கிருமி நீக்கப்பட்டதல்ல; அதில் ஈயம் கலந்த சாயக் கலப்படம் பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. அதைவிட முக்கியம், மஞ்சள் அப்பிய புண் எவ்வளவு ஆழம் என்று மருத்துவரால் பார்க்க முடியாது. பேனா மைக்கும் இதே குற்றச்சாட்டுதான், கூடுதலாக அதில் எந்த மருத்துவ குணமும் இல்லை.

*வெண்ணெய், நெய், எண்ணெய்.* சூடு இறங்காத தோலில் பூசினால் வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். பிறகு அதைத் துடைத்தெடுக்க மருத்துவமனையில் புண்ணைத் தேய்க்க வேண்டியிருக்கும்; அந்த வலியைப் பார்த்தவர்கள் மறுபடியும் வெண்ணெய் டப்பாவைத் திறக்க மாட்டார்கள். எண்ணெய்க்கு வேலை உண்டு, கடைசிப் படியில்.

*பற்பசை.* இதற்கு இவ்வளவு புகழ் வந்ததற்குக் காரணம் அதிலுள்ள புதினாச் சத்தான மென்தால். அது குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. குளிர்ந்ததுபோல் தோன்றும், தோலின் வெப்பம் ஒரு டிகிரிகூட இறங்கியிருக்காது. இதற்கிடையில் நுரைக்காகச் சேர்த்த சோப்புப் பொருளும் பல் தேய்க்கச் சேர்த்த நுண்துகள்களும் வெந்த தோலை அரித்துக்கொண்டிருக்கும்.

முட்டையின் வெள்ளைக்கருவில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், ஒவ்வாமையும் வரலாம்; தவிர, காய்ந்து ஒட்டிக்கொள்ளும். உப்பு, எலுமிச்சை, வினிகர், மாவு, சாம்பல், பசுஞ்சாணம்: எதுவும் வேண்டாம். சாணத்தில் டெட்டனஸ் கிருமியின் வித்துகளே இருக்கும்.

நவீன மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டியதில்லை. தீக்காயம் என்றதும் பலர் தேடும் சில்வர் சல்ஃபாடயசின் என்ற வெள்ளைக் களிம்பு சிறிய காயங்களுக்குத் தேவையில்லை. ஆறுவதைத் தாமதப்படுத்துவதாகவே தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைத் தொடவே கூடாது. மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் போடுங்கள்.

படி 7: அடுத்த சில நாட்கள்

கட்டு மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கட்டு ஒட்டியிருந்தால் தண்ணீரில் நனைத்து, ஊறவிட்டு எடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கசியும் தெளிந்த நீர் இயல்பானது. அது கலங்கிச் சீழானாலோ, நாற்றம் வந்தாலோ, சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, குறைந்துவந்த வலி மீண்டும் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ கிருமி புகுந்துவிட்டது.

சிறு குழந்தைகளிடம் ஒன்றைத் தனியாகக் கவனிக்க வேண்டும். காயம் சின்னதாக, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் ஓரிரு நாளில் திடீர்க் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, சோர்வு வந்தால் கிருமியின் நச்சு ரத்தத்தில் கலந்திருக்கலாம். அரிதானது, ஆனால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அப்போது காலைவரை காத்திருக்கக் கூடாது. சமீபத்தில் தீக்காயம் பட்டது என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் ஆகியும் மூடாத புண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தால் தடித்த தழும்பு விழும் வாய்ப்பு கூடும்.

படி 8: தோல் மூடிய பிறகு

எண்ணெய்க்கு இப்போதுதான் முறை. புதிய தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் முழுதாக வேலை செய்யாது. வறண்டு, இழுத்து, அரிக்கும். தேங்காய் எண்ணெயையோ வாசனையில்லாத ஈரக் களிம்பையோ நாளுக்கு மூன்று நான்கு தடவை, விரல் நுனியால் சிறு வட்டங்களாக அழுத்தித் தேய்த்துவிடுங்கள். சொரிந்தால் மெல்லிய தோல் கிழியும். அரிப்பு தாங்க முடியாவிட்டால் குளிர்ந்த ஈரத்துணியைப் போடுங்கள், இரவில் தூக்கம் கெட்டால் மருத்துவரிடம் மாத்திரை கேளுங்கள். வெயில் பட்டால் புதிய தோல் நிரந்தரமாகக் கறுத்துவிடலாம் என்பதால், குறைந்தது ஓராண்டுக்கு முழுக்கை உடையாலோ சன்ஸ்கிரீனாலோ மறைத்துக்கொள்ளுங்கள். காயம் விரல் மூட்டிலோ முழங்கையிலோ இருந்திருந்தால், மருத்துவர் சொன்னபடி தினமும் பலமுறை முழுதாக நீட்டி மடக்குங்கள். இழுக்கிறதே என்று மடக்கியே வைத்திருந்தால் தழும்பு சுருங்கி மூட்டை அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு அறுவை சிகிச்சை செய்துதான் விடுவிக்க வேண்டிவரும்.